வண்டியின் முகமும் அகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. மனிதர் விடயத்தில் இது பெரிதும் பொருந்தும். ஆனால், மோதுண்டு நசுங்கிப் பின்னர் புது வர்ணம் பூசிக்கொண்டு வரும் பழைய வண்டியின் விடயத்தில் இதனை நம்பிவிடலாகாது. அங்கே முகம் பளபளக்கும். அகமோ கோணிக் கிடக்கும்.

கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வழியாகக் கொழும்பு நகருக்குள் செல்லும் காலி வீதியை அதிகாலையில் நோக்குங்கள். மரக்கறி மூடைகளையும் மீன் பெட்டிகளையும் சுமந்து செல்லும் பிக்கப் வண்டிகளுட் பல, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. கொள்ளை நோயும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்த 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பேணுதலன்றி வேறு கதி இருக்கவில்லை. வழி திறந்த பின்னரும், வரியோடு கூடிய விலையைச் சிறு வியாபாரி எட்டிப் பிடிப்பது எளிதன்று.

இத்தகைய வண்டியொன்று மழைநாளில் வழுக்கி, முன்னே நின்ற பஸ்ஸில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடி வண்டியில் மட்டுமா விழுகிறது? ஒரு குடும்பத்தின் அடுப்பிலும் விழுகிறது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மாத்திரம் செய்தவருக்குத் தம் வண்டியின் சேதத்திற்கு ஒரு சதமும் கிடையாது. அவர் மலிவான வழியை நாடுதல் இயல்பே. அந்த மலிவு எங்கே தகும், எங்கே தகாது என்பதே நாம் அறியவேண்டியது.

தோலும் எலும்பும்

வண்டியின் முன்புறத்தில் இருவகை உறுப்புகள் உள்ளன. பம்பர், பொனற், மட்காட் முதலியன தோல் போன்றவை. இயந்திரத்தையும் முன்சில்லுகளையும் தாங்கும் இரும்புச் சட்டம் எலும்பு போன்றது. பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் இது ஏணி வடிவில் முழு நீளத்திற்கும் ஓடுகிறது.

நம் பெற்றோர் நன்கறிந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமான இவ்வண்டியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கியிருப்பதாகக் கருதிய அவர், அதனை நடுவே பிளந்து 4 அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே மேடாக ஓடும் பட்டை அதன் அடையாளமாக இன்றும் நிற்கிறது. 1953இல் இதன் பிக்கப் வெளிவந்தது. இதன் முன் மட்காட்டுகள் மரையாணிகளாற் பூட்டப்பட்டவை, கழற்றி மாற்றலாம். இயந்திரத்தைத் தாங்கும் முன்கால்களோ, கார் வடிவில், உடலோடு ஒட்டி இணைக்கப்பட்டவை. அவை வளைந்தால் தொல்லை உள்ளே சென்றுவிடும்.

தோலில் சிக்கனம் தகும். மருதானைப் பஞ்சிகாவத்தையிலுள்ள பழைய உதிரிப்பாகக் கடைகளில், மற்றொரு வண்டியிலிருந்து கழற்றிய நல்ல பொனற்றைத் தேடி வாங்குவதில் குற்றமில்லை. எலும்பில் சிக்கனம் ஆகாது. சட்டம் கோணினால் முன்சில்லுகள் நேர்நிலை தவறும். ரயர் ஒருபுறம் தேயும். தடை போடும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். அதன் விளைவு உரிமையாளரோடு மட்டும் நில்லாது, வீதியில் நடப்போரையும் தாக்கும்.

சுத்தியலுக்கு முன் அளவுகோல்

ஆதலால் நல்ல கைவினைஞர் முதலில் எடுப்பது சுத்தியலை அன்று, அளவுகோலையே. மாணவர் கற்கும் கேத்திரகணிதம் இங்கே தொழிலுக்கு வருகிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் இடப்புறம் இரண்டும் வலப்புறம் இரண்டுமாக ஒத்த நான்கு புள்ளிகளைத் தெரிவு செய்வர். ஒவ்வொன்றிலுமிருந்து, வீடு கட்டும் மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையிற் சுண்ணக்கட்டியாற் குறிப்பர். வண்டியை அகற்றியபின், குறிகளுக்கிடையேயுள்ள இரு மூலைவிட்டங்களையும் அளப்பர். இரண்டும் சமமாயின் சட்டம் பக்கவாட்டிற் கோணவில்லை. வேறுபாடு பொதுவாக 3 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. சட்டம் மேலோ கீழோ வளைந்திருப்பதை இவ்வளவு காட்டாது. அதற்கு இருபுறத்து உயரங்களையும் தனியே அளக்கவேண்டும்.

கோணல் கண்டால், அடி வந்த திசைக்கு எதிர்த்திசையில் இழுத்தல் வேண்டும். பின்புறத்தைத் திடமாகப் பிணித்து, முன்புறத்தில் சங்கிலி பூட்டி, நீரியல் விசையாற் சிறிது சிறிதாக இழுப்பர். இரும்புக்கு மீள்தன்மை உண்டு. விசையைத் தளர்த்தியதும் சற்றே பின்வாங்கும். ஆகவே இழுத்தல், தளர்த்தல், அளத்தல் என மாறி மாறிச் செய்வர். மடிந்து வெடித்த பகுதியை நிமிர்த்துவது போதாது. வெட்டி நீக்கிப் புதிய பகுதியை இணைக்கவேண்டும்.

தகட்டு வேலைக்கும் இதே பொறுமை தேவை. பள்ளத்தின் ஒருபுறம் இரும்புக்கட்டியை அணையாகப் பிடித்து, மறுபுறம் மெல்லத் தட்டுவர். ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும். விரிந்த தகடு விரலால் அழுத்த உள்ளே போய் வெளியே துள்ளும். இக்கலையில் நம் நாட்டவர் சளைத்தவரல்லர். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்திற்காக, அவ்வண்டியின் தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டன என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

பட்டியும் கடற்காற்றும்

வர்ணத்திற்கு முன் பூசும் பட்டி, தட்டி நிமிர்த்திய தகட்டின் நுண்ணிய மேடு பள்ளங்களை நிரவுவதற்கே உரியது. பள்ளத்தை நிமிர்த்தாமல் அதனை விரற்கடைத் தடிப்பில் அப்புவது ஏமாற்று. குலுக்கலில் அது வெடிக்கும். வெடிப்பினூடே ஈரம் புகும். கடற்கரையை அடுத்த கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் காற்றோடு உப்பும் வருகிறது. உப்புக் கலந்த ஈரம் துருப்பிடித்தலை விரைவுபடுத்துவதால், மேலே பளபளக்கும் தகட்டை உள்ளே துரு தின்றுவிடும். ஒட்டிய இடங்களில் துருத்தடுப்பு வர்ணம் பூசுவதும், சட்டத்தின் உட்குழிவுகளில் மெழுகு தெளிப்பதும் இன்றியமையாதன.

பழைய வண்டி வாங்க எண்ணும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். பொனற்றுக்கும் மட்காட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கிறதா எனப் பாருங்கள். மெல்லிய துணியிற் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டில் வைத்து நகர்த்துங்கள். அது பிடிப்பிழக்கும் இடத்தில் பட்டி தடித்திருக்கலாம். பழுதுபார்க்கக் கொடுப்போர், வர்ணம் பூசுமுன் ஒருமுறை கராஜுக்குச் சென்று, மூலைவிட்ட அளவுகளைக் காட்டும்படி கேளுங்கள். நாம் "பாஸ்" என்று மதிப்புடன் அழைக்கும் நேர்மையான தொழிலாளர் இக்கேள்வியால் சினங்கொள்ளார். தம் வேலையின் அருமையை அறிந்த ஒருவர் கேட்டாரென மகிழவே செய்வார்.

அளந்து செய்த வேலைக்குக் கூலி சற்று மிகுதியாகலாம். அக்கூலி வர்ணத்தின் பளபளப்பிற்கன்று, கண்ணிற்குத் தெரியாத நேர்மைக்கே தரப்படுகிறது.