இணைந்து வினைபுரியும் இரு உலோகங்கள்

மெத்தனால் எளிதில் தீப்பற்றும் நீர்மம். அதை எரிக்காமலேயே அதன் ஆற்றலை மின்சாரமாக மாற்ற இயலும். இதற்கு உதவும் கருவி எரிபொருள் மின்கலம் ஆகும். நீருடன் கலந்த மெத்தனால், கலத்தின் ஒரு மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஆறு எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை கம்பி வழியே மறுமுனைக்குச் செல்வதே மின்னோட்டம்.

இவ்வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி பிளாட்டினம். அது விலையுயர்ந்த உலோகம். வினையோ அதன் மேற்பரப்பில் மட்டுமே நிகழும். உள்ளிருக்கும் அணுக்களால் பயனில்லை. ஆகவே அதை நானோ துகள்களாக்கிக் கரித்தூளின்மீது படியச்செய்கின்றனர். 1 சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 5 நானோமீட்டர் பக்கமுடைய சிறு கனசதுரங்களாகப் பகுத்தால், மொத்த மேற்பரப்பு 1200 சதுர மீட்டராக விரியும்!

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. மெத்தனால் சிதையும்போது இடையில் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, பிளாட்டின அணுக்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. அடுத்து வரும் மெத்தனாலுக்கு அங்கே இடமில்லை. உண்ட உணவே நஞ்சானதுபோல், எரிபொருளே வினையூக்கியை முடக்கிவிடுகிறது.

கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாக மாறினால் பிடியை விட்டுவிடும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனை நீரிலிருந்து பெறலாம். ஆனால், நீரைப் பிளக்கப் பிளாட்டினத்திற்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவை. அது கலம் தரும் மின்னழுத்தத்தையே குறைத்துவிடும். ருத்தேனியம் என்னும் உலோகமோ குறைந்த மின்னழுத்தத்திலேயே நீரைப் பிளந்து, ஹைட்ராக்சில் தொகுதியைத் தன்மேல் தாங்கி நிற்கிறது. அத்தொகுதி அருகிலுள்ள கார்பன் மோனாக்சைடுடன் வினைபுரிய, பிளாட்டினம் விடுதலை பெறுகிறது. ஜப்பானிய அறிஞர்கள் வத்தனபேயும் மோட்டூவும் 1975-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். 'அருகிலுள்ள' என்னும் சொல் இங்கு முதன்மையானது. இருவகை அணுக்களும் பக்கம்பக்கமாக அமையவேண்டும் என்பதனாலேயே ஒரே துகளில் இரண்டையும் கலக்கின்றனர். மேலும், ருத்தேனியத்தின் அண்மை பிளாட்டினத்தின்மீதுள்ள நச்சின் பிடியையும் சற்றுத் தளர்த்துகிறது.

இக்கூட்டு நிலையானதன்று. நாளடைவில் ருத்தேனியம் சிறிது சிறிதாகக் கரைந்து, இடையிலுள்ள சவ்வைக் கடந்து மறுமுனையில் படிகிறது. அங்கு நிகழவேண்டிய ஆக்சிஜன் வினையையும் மந்தமாக்குகிறது.

கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் எத்தனாலைப் பயன்படுத்தினால் சிக்கல் மிகுகிறது. அதன் இரு கார்பன் அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்பு எளிதில் அறுவதில்லை. பன்னிரண்டு எலக்ட்ரான்கள் கிடைக்கவேண்டிய இடத்தில், வினை பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தோடு நின்று நான்கையே தருகிறது. பிளாட்டினத்துடன் வெள்ளீயம் சேர்த்தால் வினை விரைவுபெறும். பிணைப்போ அவ்வளவாக அறாது. ரோடியம் சேர்த்தால் பிணைப்பு அறும். ஆனால், அதுவும் கிடைத்தற்கரிய, விலைமிக்க உலோகமே.