இராபர்ட் ஷூமன்: நிலக்கரியில் தொடங்கிய ஒப்புரவு



2021ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் ஓர் அரசியல்வாதியின் புண்ணிய வாழ்வை ஏற்று, அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவிக்க ஒப்புதல் அளித்தார். அவர்தான் இராபர்ட் ஷூமன். பிரான்ஸ் நாட்டின் நிதியமைச்சராகவும், பிரதமராகவும், 1948 முதல் 1953 தொடக்கம் வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். "அரசியலில் இருந்தவருக்குப் புனிதர் பட்டமா?" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

ஷூமன் எல்லைப்புறத்து மனிதர். தந்தை லொரேன் பகுதியைச் சேர்ந்தவர்; தாய் லக்சம்பர்க் நாட்டவர். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கிடக்கும் லொரேனின் ஒரு பகுதி, 1871இல் ஜெர்மனியிடம் போனது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சிடம் திரும்பியது. 1940இல் மீண்டும் ஹிட்லரிடம் சிக்கியது. போர் முடிந்ததும் மறுபடி பிரான்ஸ். அந்த மண்ணில் நீண்ட ஆயுளோடு வாழ்ந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார்! 1886இல் பிறந்த ஷூமனும் ஜெர்மானியக் குடிமகனாகவே வளர்ந்து, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்றார். 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1940இல் நாத்சி இரகசியக் காவல்துறை அவரைச் சிறையில் அடைத்தது. 1942இல் தப்பி ஓடினார். ஜெர்மனியை வெறுக்க அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

போர் முடிந்த பின் வெற்றி பெற்ற நாடுகளின் கேள்வி, ஜெர்மனியை என்ன செய்வது என்பதே. முதல் உலகப் போருக்குப் பின் தண்டித்துப் பார்த்தார்கள். இழப்பீட்டு நிலக்கரி ஒழுங்காக வரவில்லை என்று 1923இல் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படையை அனுப்பின. விளைந்தது வெறுப்புதான். ரூர் பகுதியில் நிலக்கரி. லொரேனில் இரும்புத் தாது. இரண்டும் சேர்ந்தால் எஃகு. எஃகு இருந்தால் பீரங்கி. 1950ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் அமெரிக்க, பிரிட்டானிய அமைச்சர்களைச் சந்திக்கவிருந்தார் ஷூமன். ஜெர்மனியின் எஃகு உற்பத்தியை உயர்த்த விடவேண்டும் என்ற பேச்சு அங்கே எழும் என்று அவருக்குத் தெரியும். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் ஜான் மொனே என்ற திட்ட ஆணையர் ஒரு வரைவை அனுப்பினார். ஷூமன் அதை வார இறுதியில் தம் ஊருக்கு எடுத்துச் சென்று வாசித்து, ஏற்றுக்கொண்டார். இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும், எந்த அரசுக்கும் கட்டுப்படாத ஒரு பொது ஆணையத்தின்கீழ் வைப்பது. விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பதே அதன் சாரம். மே 8 அன்று நம்பிக்கைக்குரிய ஒருவர், ஜெர்மன் அரசுத் தலைவர் அடெனவருக்கு மடல்களோடு பான் நகருக்குப் புறப்பட்டார். மறுநாள் அடெனவரின் சம்மதம் வந்தது; பிரெஞ்சு அமைச்சரவையும் இசைந்தது. மே 9 மாலை பாரிசில் செய்தியாளர்களிடம் ஷூமன் அறிக்கையை வாசித்தார். அவசரத்தில் புகைப்படக்காரரை அழைக்கவே மறந்துபோனார்களாம்! பிறகு ஒரு நாள் மறுபடி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் என்னைச் சிந்திக்க வைப்பது அந்த வரிசைதான். நம் குடும்ப, பங்குச் சண்டைகளில் நாம் முதலில் கைகுலுக்கச் சொல்கின்றோம். கண்ணீரும் வரும்; அடுத்த வாரமே பழைய பகை திரும்பி வரும். ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை ஒருவரையொருவர் கொன்ற மக்களிடம் ஷூமன் "நேசியுங்கள்" என்று கேட்கவில்லை. சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வைத்தார். போர் தொடுக்க நினைத்தாலும் அதற்கான எஃகு ஒருவர் கையில் மட்டும் இராதபடி பார்த்துக்கொண்டார். தோற்ற நாடும் சமமான நாற்காலியில் அமர்ந்தது. அடெனவரும் டெ கோலும் ரீம்ஸ் பேராலயத்தில் ஒன்றாகத் திருப்பலியில் பங்கேற்றது 1962இல்தான், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து!

1951 ஏப்ரல் 18 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. சுரங்கங்களை 1947இல் அரசுடைமையாக்கியிருந்த பிரிட்டன் சேர மறுத்தது. எல்லாமே வெற்றி என்று சொல்லவும் முடியாது. இதே வழியில் ஐரோப்பியப் பொதுப் படை அமைக்கும் திட்டத்தை 1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே வீழ்த்தியது. இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்திலும், வெளியுறவு முடிவுகளுக்குப் பெரும்பாலும் அனைவரின் சம்மதமும் வேண்டும். ஒரே ஒரு நாடு தடுத்தாலும் முடிவு நின்றுவிடும்.

"வியாபாரத் தொடர்பு இருந்தால் போர் வராது என்றால், இரஷ்யாவிடம் இத்தனை ஆண்டுகள் எரிவாயு வாங்கினார்களே, 2022இல் உக்ரைன் மீது போர் வந்ததே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது வாங்கலும் விற்றலும் மட்டுமே. நிலக்கரி–எஃகுக் குழுமத்தில் இருதரப்பையும் கட்டுப்படுத்தும் ஆணையம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, ஒவ்வொரு நாடும் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருந்தது. இரஷ்யா அப்படி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளும் குழாய் பதித்ததையே நட்பு என எண்ணிவிட்டன என்பது என் எண்ணம்.

திருமணம் செய்துகொள்ளாத ஷூமன், தினமும் திருப்பலி காண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1963 செப்டம்பர் 4 அன்று மெட்ஸ் நகருக்கு அருகிலுள்ள சி-ஷாசெல் என்ற சிற்றூரில் இறந்தார். வீட்டுக்கு எதிரே உள்ள பழைய சிற்றாலயத்தில் அவரது கல்லறை உள்ளது. முத்திப்பேறு பட்டத்திற்கு, அவரது பரிந்துரையால் நிகழ்ந்த ஒரு புதுமையைத் திருஅவை ஏற்க வேண்டும்.