மூவார் ஆற்றங்கரையில் ஏழு நாள்

வருடத்தில் எத்தனை நாள் லீவு உங்களுக்கு உண்டு? அதில் எத்தனை நாளை உண்மையாகவே ஓய்வாகக் கழித்தீர்கள்? கொஞ்சம் விரல் மடக்கிக் கணக்குப் பாருங்கள். சின்னம்மா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள். மாமனார் காரியத்துக்கு மூன்று நாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சட்டை சப்பாத்து வாங்க ஒரு நாள். மிச்சம் இருந்தால் ஒழுகும் கூரையை அடைக்க. இப்படித்தானே போகிறது?

என் தாயாருக்கும் இப்படித்தான் போயிற்று. மூவாரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர் அவர். பெரிய ஆஸ்பத்திரி, துணிக்கடை, பஸ் நிலையம், இவ்வளவுதான் அவர் கண்ட மூவார். அவருடைய அறுபத்திரண்டாவது வயதில் பிள்ளைகள் நாங்கள் காசு சேர்த்து அங்கே ஒரு வாரம் தங்க வைத்தோம். முதல் இரண்டு நாள் விடுதி அறையைக் கூட்டிக்கொண்டேயிருந்தார்! மூன்றாம் நாள் மாலை ஆற்றங்கரைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தவர், வெகு நேரம் கழித்து, "ஏன்டா தம்பி, இந்த ஆறு எப்பவுமே இம்புட்டு அகலமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இத்தாலி நாட்டின் வடக்கே கோமோ என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையிலே பெல்லாஜியோ, வரென்னா என்று சிற்றூர்கள். அங்கே போகிறவர்கள் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கி, காப்பி குடித்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவதுண்டு. பணக்காரர் சங்கதி நமக்கெதற்கு என்கிறீர்களா? 1948ல் நடப்புக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டத்தின் 36ஆவது பிரிவைக் கேளுங்கள். வார ஓய்வும், சம்பளத்தோடு கூடிய வருடாந்தர விடுமுறையும் தொழிலாளியின் உரிமை. அதை அவரே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது அது. தொழிலாளிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள், துரைமாருக்கு அல்ல.

நம் நாட்டுச் சட்டமும் வெறுங்கையாக விடவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவருக்கு 12 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பள லீவு உண்டு. இது குறைந்த அளவு. சங்க ஒப்பந்தத்தில் கூடுதலாக இருக்கிறதா என்று உங்கள் சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வார ஓய்வு நாளும் பொது விடுமுறை நாளும் இந்த லீவுக் கணக்கில் சேராது. ஆகவே ஏழு நாள் தங்கினால் ஆறு நாள் லீவுதான் செலவாகும். நடுவே ஒரு பெருநாள் விழுந்தால் ஐந்தே நாள். இன்னொன்று, ஒரு வருடத்து லீவை அது முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் உரிமை போய்விடும். முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் லீவுக்குப் பதில் பணம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் பழக்கமுள்ளவர்கள் ஜாக்கிரதை! வருடத்து வேலை நாட்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அப்படி நின்றிருந்தால் லீவே கிடையாது.

சரி, லீவு கிடைத்துவிட்டது. ஏன் மூவார் என்கிறேன்? நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய பட்டணம் அது. கோலாலம்பூர், ஜொகூர் பாரு, மலாக்கா, பத்து பஹாட், எங்கிருந்தும் பஸ் வருகிறது. ரயில் மட்டும் கிடையாது. முன்பு இருந்தது! 1890லிருந்து 1929 வரை மூவாருக்கென்றே ஒரு சின்ன ரயில் பாதை பாரிட் ஜாவா பக்கம் ஓடியது. பிறகு சடக்கு வந்தது, ரயில் போயிற்று.

எந்த வாரம் போவது? நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் வேண்டாம். அறை கிடைப்பது கடினம், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை மறுபடியும் சனி ஞாயிறாகிவிட்டது. ஞாயிறு மாலை கூட்டம் கலையும்போது நீங்கள் போய் இறங்கினால் அறையும் மலிவு, ஆற்றங்கரையும் அமைதி.

ஜாலான் மஹாராணியை ஒட்டிய பழைய பட்டணத்தில் அறை எடுங்கள். கால்நடையாக ஆற்றுக்கும் போகலாம், பசாருக்கும் போகலாம். வாடகைக் கார் காசு மிச்சம். பெரிய குடும்பமென்றால் தாமான் வீடு ஒன்றை வாரத்துக்கு எடுப்பது கட்டுப்படியாகும். ஆனால் அங்கே அடுப்பு இருக்கும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வீட்டு அம்மா அங்கேயும் சட்டியைத் தூக்கினால் அவருக்கு அது இடமாற்றமே தவிர விடுமுறை ஆகாது. சமைத்தே தீரவேண்டுமென்றால் அந்த வாரம் ஆண்பிள்ளைகள் சமைக்கட்டும். சோறு குழைந்தாலும் பரவாயில்லை.

மற்ற ஊர்களில் இரவில் தின்னும் சாத்தேயை மூவாரில் காலையிலேயே வைத்துப் பசியாறுகிறார்கள். மாட்டிறைச்சி தின்னாதவர்கள் "ஆயாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீ பண்டோங் என்பது இந்தோனேசியப் பட்டணத்துச் சரக்கு அல்ல. பலவும் கலந்தது என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். காய்ந்த இறால் வாசத்தோடு கெட்டிக் குழம்பாக வரும். அதிலும் மாட்டிறைச்சி போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இலையில் வைத்துச் சுடும் ஒத்தாக்-ஒத்தாக் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜாலான் ஹாஜி அபுவில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக உண்டு. நாளுக்கு ஒரு புதுப் பண்டம் போதும். வயிறும் விடுமுறையில்தான் இருக்கிறது.

மாலையில் தஞ்சோங் எமாஸ் பக்கம் நடங்கள். ஆறு கடலில் கலக்கும் இடம் அது. படகுச் சவாரி போக ஆசையானால் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று முதல் நாளே விசாரியுங்கள். கரையோரம் 1930ல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசலைப் பாருங்கள், ஐரோப்பிய மாளிகை மாதிரியே இருக்கும். சுல்தான் அபு பக்கார் தம் ராணியின் பெயரால் இந்த ஊருக்கு பண்டார் மகாராணி என்று பெயர் சூட்டினார். 2012ல் இதை அரச நகரமாகவும் அறிவித்தார்கள்.

பிள்ளைகள் ஆற்றைப் பற்றிக் கேட்டால் ஒன்று சொல்லுங்கள். சடக்கு இல்லாத காலத்தில் வியாபாரிகள் மேற்குக் கடலிலிருந்து இந்த ஆற்றில் படகு தள்ளி உள்நாட்டுக்குப் போவார்கள். நெகிரி செம்பிலானில் ஜெம்போல் அருகே படகைத் தரையில் இழுத்துக்கொண்டுபோய் செர்த்திங் ஆற்றில் இறக்கி, பஹாங் ஆறு வழியாகக் கிழக்குக் கடலை அடைவார்கள். இழுத்த அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்றே பெயர். படகை இழுத்தவர்களும் கூலிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஏழு நாளில் இரண்டு நாள் மட்டும் வெளியே போங்கள். ஒரு நாள் பாரிட் ஜாவா. அங்கே ஆசாம் பெடாஸ் மீன், நம் புளிக்குழம்புக்குச் சித்தப்பா மகன்! கடலோரச் சேற்றில் வழுக்கைத் தலைப் பெருநாரைகள் கிழவர்கள் மாதிரி நிற்பதைப் பார்க்கலாம். இன்னொரு நாள் தங்காக்கைத் தாண்டி சாகில், 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலையின் அடிவாரம். அருவியில் குளிக்கலாம். ஆனால் மலைமேல் கறுத்தால் உடனே கரையேறுங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கிவிடும்.

மற்ற நாட்களுக்குத் திட்டம் போடாதீர்கள். மத்தியானம் தூங்குங்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாயிற்று?

செலவுக்குக் கடன் வாங்க வேண்டாம். சம்பளம் போட்ட அன்றே ஒரு டின்னில் கொஞ்சம் வெள்ளியைப் போட்டுவைத்தால் ஒரு வருடத்தில் சேர்ந்துவிடும். டின்னின் மேல் "மூவார்" என்று பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அவசரத்துக்கு அதில் கைவைக்க வருகிறவரை அந்த எழுத்தே தடுக்கும்.

திரும்பும் நாளன்று காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மறுநாள் பிரட்டுக்கு எழவேண்டியவர்களுக்கு ஓர் இரவு நல்ல தூக்கம் வேண்டும். ஊராருக்குக் கொடுக்க மீ சீப்புட் வாங்கலாம். நத்தை என்ற பெயரைக் கண்டு பயப்படாதீர்கள், மாவுப் பலகாரம்தான். மூவார் காப்பித்தூளும் பெயர் பெற்றது. பொட்டலத்தைத் துணிப் பையில் மட்டும் வைக்காதீர்கள். என் தாயார் அப்படி வைத்துவிட்டார், அவருடைய சேலை அடுத்த தீபாவளி வரை காப்பியாக மணத்தது.