பறந்த மறுநாள் தொடங்கும் வேலை

1910-ல், சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தானே வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் பறந்தும் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத காலம் அது. சிம்ப்சன் அப்போது கோச்சு வண்டி கட்டும் நிறுவனம். அதற்கு அடுத்த ஆண்டு மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழிலில் இறங்கினார். ஆக, சொந்தமாகக் கட்டிய விமானமும் பஸ்ஸும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. இன்று கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். விமானம் மட்டும் அந்தத் தீவுத்திடலோடு நின்றுவிட்டது. நம் ஆட்களுக்குக் கைத்திறன் போதவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. பஸ்ஸைச் சுற்றி மெக்கானிக், உதிரிபாகக் கடை, எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கும் ஆய்வாளர் என்று ஒரு பராமரிப்பு உலகமே வளர்ந்தது. சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு அப்படி எதுவும் அமையவில்லை. முதல் முறை பறப்பதைக் கொண்டாடுகிற நாம், ஐந்நூறாவது முறை பத்திரமாகப் பறப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதே இல்லை.

அதைக் கேட்ட நாடுகளில் சொந்தமாக விமானம் கட்டும் கலை தழைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டலாம். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர் கைகளால் நடந்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டி முடித்ததும் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் சோதனைப் பறப்பு. வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். கட்டியவருக்கே அந்த ஒரு விமானத்தை ஆண்டுதோறும் பரிசோதித்துக் கையெழுத்திடும் சான்றிதழும் கிடைக்கும். ஒவ்வொரு ரிவெட்டையும் தன் கையால் அடித்தவருக்கு எந்த மூலையில் எந்தக் கம்பி ஓடுகிறது என்று தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அந்த உரிமையைத் தருகிறார்கள்.

ஆபத்தில்லையா என்று கேட்டால், இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பயணிகள் விமானச் சேவையிலும் ராணுவத்திலும் சேராத அங்குள்ள விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். ஆனால் 2011-ல் அந்தப் பிரிவில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 சதவீதம் இவற்றுக்கு நேர்ந்தவை. முக்கியக் காரணங்கள் இன்ஜின் கோளாறும் கட்டுப்பாட்டை இழத்தலும். அந்த ஆய்வில் நான் பெரிதாக நினைப்பது வேறொரு செய்தி: அந்த ஆண்டு விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கு மேல் இரண்டாம் கையாக வாங்கப்பட்ட விமானங்கள். 1997-ல் பாடகர் ஜான் டென்வர் இறந்ததும் அப்படி வாங்கிய லாங்-ஈஸீ விமானத்தில்தான். கட்டியவர் எரிபொருள் மாற்றும் வால்வை வரைபடத்தில் உள்ள இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பறந்துகொண்டே திரும்பி அதைத் தேடியதில் கட்டுப்பாடு போனது என்று விசாரணை சொன்னது. கட்டியவரின் தலைக்குள் இருந்த அறிவு வாங்கியவருக்குப் போய்ச் சேரவில்லை. எந்த போல்ட்டை எப்போது மாற்றினோம், வரைபடத்திலிருந்து எங்கே விலகினோம் என்று எழுதிவைக்கும் குறிப்பேடும் இறக்கையைப் போலவே விமானத்தின் ஓர் உறுப்பு.

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கொட்டகையில் இப்படி ஒரு விமானம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பராமரிப்புக் குறிப்பேடு அமெரிக்கக் குறிப்பேட்டின் நகலாக இருக்க முடியாது. மதுரைச் சமவெளியில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்று லேசாகிவிடும். கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவே உயரமுள்ள இந்த மண்ணில், விமானம் 1,000 மீட்டருக்கும் மேலே உள்ள மலை ஓடுதளத்திலிருந்து கிளம்புவது போலத் திணறும். ஓட வேண்டிய தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். ஃபைபர் கிளாஸும் எபாக்ஸியும் கொண்டு கட்டியது என்றால் வெள்ளை பெயின்ட் கட்டாயம். அடர்நிறம் பூசினால் வெயிலில் சூடேறி எபாக்ஸி இளகும், இறக்கையின் வலு குறையும். துணி போர்த்திய இறக்கையை வெயில் நைந்துபோகச் செய்யும். செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைக்கும். பெட்ரோல் இன்னொரு கவலை. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சிறிய விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டக்ஸ் 912 இன்ஜினுக்கு நிறுவனம் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பொருந்தாத ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். பைக்கில் அடைப்பு வந்தால் ஓரங்கட்டலாம், வானத்தில் அது முடியாது.

பணக்காரர் பொழுதுபோக்குக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கட்டியவர்கள் யார் என்று பாருங்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் கட்டிய சிறு விமானம் 2014-ல் நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறு ஓடுதளத்தில் பறந்தது. மும்பை விமானி அமோல் யாதவ் காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். அதை 2016-ல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நாடே பார்த்தது. பறக்கும் அனுமதி கிடைக்க 2019 ஆனது. இருவருமே பணம் மிஞ்சியதால் இதில் இறங்கியவர்கள் இல்லை. ட்ரோன் போதாதா என்றும் கேட்கலாம். ட்ரோன் நல்லதுதான். ஆனால் தன் உயிரையே அதில் ஏற்றப்போகிறோம் என்று தெரிந்து ஒரு நட்டை முறுக்கும் கைக்கு வரும் கவனம் அதில் வராது. நெருக்கமான ஊர்மேல் விழுந்தால்? அதற்காகத்தான் சோதனைப் பறப்பை ஊருக்கு வெளியே வைக்கிறார்கள்; ஓடுதளமும் அப்படியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

தடை போட்டாலும் ஆர்வம் நிற்காது, கொட்டகைக்குள் ஒளிந்துகொள்ளும். கண்காணிப்பில்லாத விமானம்தான் உண்மையான ஆபத்து. பிரிட்டனில் இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கட்டும் கட்டங்களிலேயே வந்து வேலையைப் பார்க்கிறார்கள். மூடிவிட்ட இறக்கைக்குள் என்ன தவறு இருக்கிறது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் அப்படிப்பட்ட ஆய்வாளர்களை மாவட்ட அளவில் அங்கீகரிக்க வேண்டும். மதுரையில் ஒருவர் கட்டும் விமானத்தின் இறக்கையை மூடுமுன் பார்த்துக் கையெழுத்திட, டெல்லிக்கு மனு போடாமல், பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.