நிழற்படமும் ஈயின் பெயரும்

பெயரே அறிவின் வாயில். ஒன்றன் பெயரைப் பிழைபட அறிந்தவன், அதுபற்றி நூல்கள் கூறுவன யாவற்றையும் பிழைபடவே பொருத்துவான். இவ்வுண்மை யானைக்கு மட்டுமன்று, மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள சிற்றீக்கும் உரியது. இந்நாளில் மாணாக்கர் கைத்தொலைபேசியால் ஈயொன்றைப் படம்பிடித்து வந்து, "இதன் பெயர் யாது?" என வினவுகின்றனர். அப்படம் எதுவரை விடை கூறும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அது ஈதானா எனத் தெளிதல் வேண்டும். லின்னேயசு 1758 ஆம் ஆண்டு நூலில் வகுத்த இருசிறகிகள் என்னும் வருணத்தில் இலையானும் நுளம்பும் அடங்கும். தேனீ பெயரால் ஈயாயினும் நான்கு சிறகுடையதாதலின் அதில் அடங்காது. இருசிறகிகளின் பின்சிறகுகள் குறுகிச் சமநிலை பேணும் சிறு குமிழ்த்தண்டுகளாயின. மலரருகே அந்தரத்தில் அசையாது நிற்கும் சிர்பிடேக் குடும்பத்து ஈக்கள் பல, மஞ்சட் கறுப்பு வரிகளாற் குளவியெனத் தோன்றும். ஆயினும் ஒரு சோடிச் சிறகே அவற்றின் உண்மையைப் புலப்படுத்தும்.

அடுத்துக் குடும்பத்தை அறிதற்குச் சிறகின் நரம்பமைப்பு, உணர்கொம்பின் வடிவம், உடல் மயிர்களின் ஒழுங்கு என்பன வேண்டும். ஒரே படத்தில் இவை யாவும் தெரியா. ஆதலின் மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், முகத்துக்கு நேரேயும் படமெடுத்து, இடம், நாள், அமர்ந்த செடி, உடலின் நீளம் ஆகியவற்றையுங் குறித்தல் நன்று.

இனத்தைத் துணிதல் இவற்றினும் அரிது. துரோசோபிலா மெலனோகாஸ்ரர் என்னும் பழ ஈயினின்றும் சிமுலன்சு என்பதனை ஸ்ரேற்றவந்து 1919 இல் வேறுபடுத்தினார். இவ்விரண்டின் ஆண்களை இனப்பெருக்க உறுப்பின் வடிவங்கொண்டு நுணுக்குக்காட்டியிற் பிரித்தறியலாம். பெண்களையோ தோற்றங்கொண்டு துணிதல் மிக அரிது. இங்கே படம் வாய்திறவாது.

இப்பிழையின் விளைவு சிறிதன்று. கென்யாவில் 2003 இல் மாம்பழத்தை அழிக்கும் புதிய ஈயொன்று காணப்பட்டது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் பெற்ற மாதிரிகளைக்கொண்டு 2005 இல் அதற்குப் பக்ரோசெரா இன்வாடென்சு எனப் புதுப்பெயர் இட்டனர். பின்னர் உடலமைப்பு, மரபணு, புணர்ச்சி ஆகியவற்றை ஒருங்கே ஆய்ந்தோர், அது 1912 இல் ஹென்டெல் பெயரிட்ட பக்ரோசெரா டோர்சலிசே என 2015 இல் நிறுவினர். மாதிரிகளைக் கைக்கொண்டு ஆய்ந்த அறிஞர்க்கே பெயரைத் திருத்தப் பத்தாண்டு சென்றதெனில், ஒரு படத்தை மட்டும் நோக்கும் நாம் எத்துணை அடக்கம் பேணல் வேண்டும்!

ஆகவே, மாணாக்கர் சான்று செல்லும் எல்லைவரை மட்டும் பெயர் கூறுக. குடும்பம் தெரியின் குடும்பம். சாதி தெரியின் சாதி. அதற்கு மேல் அறிய விழைவோர் ஓர் ஈயை மதுசாரத்தில் இட்டுக் காத்துவைப்பாராக. "இதற்குமேல் இப்படத்தால் அறியமுடியாது" என்று எழுதுதல் அறியாமையன்று. அதுவும் அறிவின் ஒரு கூறேயாம்.