பம்பைக்குத் தோலா, ஃபைபரா?

குடியாத்தத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் தோல் ஊர்தான். மேற்கே பேரணாம்பட்டு, தென்மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் தோல் ஷூவாகவும் கைப்பையாகவும் கடல் கடந்து போகிறது. ஆனால் அங்கே பதனிட்டு வெளியே வரும் தோல் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் அதைப் பம்பையிலோ பறையிலோ கட்ட முடியாது. கட்டினால் ‘தொப்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இசைக்கருவிக்கு வேண்டியது பதனிடாத தோல்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிரையும் சதையையும் நீக்கிவிட்டு, அப்படியே உலரவிட்டால் இந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். பதனிடுவது இதைத் தடுக்கத்தான். ஆவாரம்பட்டை, கடுக்காய், இக்காலத்தில் குரோமிய உப்பு என்று எதைப் போட்டாலும் நோக்கம் ஒன்றே. அந்தப் பொருள் இழைகளோடு பிணைந்து, காய்ந்த பிறகும் அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் ஷூ காலுக்கு ஏற்ப வளைகிறது. வளையும் தோல் அதிர்வை விழுங்கிவிடும். பறைக்காரருக்கு வேண்டியது நேர் எதிரான குணம். இழுத்துக் கட்டிய நிலையில் காய்ந்து, இழைகள் ஒட்டி இறுகி, வெளிச்சத்தில் பிடித்தால் பாதி ஊடுருவித் தெரிகிற தகடு. தட்டினால் உடனே எகிறித் திரும்ப வேண்டும்.

அந்தத் தகட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. பதனிடாத கொலாஜன் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்ததும் இழைகள் உப்பி நீளும், தோல் தொய்யும், சுருதி இறங்கும். சூடு பட்டால் ஈரம் வெளியேறி, தோல் சுருங்கி, சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சவ்வின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் நகரும். ஒரு ஸ்தாயி முழுக்க ஏற்ற வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். வேப்பங்கட்டையில் செய்த பறைச்சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மிருதங்கத்தில் இருப்பதுபோல் இறுக்குவதற்கு வார் கிடையாது, முடுக்குவதற்குத் திருகும் கிடையாது. நெருப்பு ஒன்றுதான் சுருதி கூட்டும் கருவி.

பறை காய்ச்சுவதை அருகே நின்று பார்த்தால் அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரியும். வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்துவார்கள். விறகு ஆகாது. அதன் தணல் ஒரே இடத்தில் சூட்டை இறக்கித் தோலைக் கருக்கிவிடும். வைக்கோல் தீ சட்டென்று எழுந்து, பரவலாகச் சுட்டு, அடங்கிவிடும். தோல் முகத்தைத் தீக்குக் காட்டி, சட்டத்தைச் சுழற்றிக்கொண்டே, நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு சுண்டு, விளிம்பில் நாலைந்து இடத்தில் சுண்டு. எங்கே ஒலி மந்தமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் தீ. தோல் எங்கும் ஒரே கனமாக இருக்காது. முதுகுப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெல்லிசு. அந்த ஏற்றத்தாழ்வைக் காதால் கண்டுபிடித்துச் சூட்டால் சரிக்கட்டுகிற வேலை இது. கொஞ்சம் அதிகமாகிவிட்டால் தோல் கிழியும், அன்றைய கூலியோடு கருவியும் போகும்.

குடியாத்தத்தில் இந்த அறிவு கடும் சோதனைக்கு உள்ளாகும் நாள் வைகாசி 1. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஜமதக்னி முனிவரின் ஆணையால் பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டிய கதையை ஒட்டி, அம்மனின் சிரசு முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெருக்கள் வழியாகக் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து உடலில் பொருத்தப்படுகிறது. மே மாதத்தின் நடு, கத்திரி வெயில். கௌண்டன்ய ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். வட ஆற்காட்டு அம்மன் விழாக்களில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் இல்லாமல் எதுவும் நடக்காது. பம்பை இரட்டை முழவு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய, ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள இரண்டு உருளைகள். ஒன்று மரம், இன்னொன்று பித்தளை. மரம் அதிர்வை ஓரளவு உள்ளே வாங்கிக்கொள்ளும், பித்தளை திருப்பி அடிக்கும். ஆகவே ஒரே ஆள் இரண்டு குரலில் பேச முடிகிறது. அம்மனை வர்ணித்துப் பாடும்போது ஒரு குரல், சாமி இறங்கும்போது இன்னொரு குரல்.

அந்த வெயிலில் தோல் தானாகவே முறுக்கேறும். காலையில் சரியாக இருந்த கருவி நண்பகலில் கீச்சென்று ஏறியிருக்கும், விளிம்பில் கிழியும் ஆபத்தும் உண்டு. அந்த நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துத் தோலைத் தணிக்கலாம். மாலையில் இடியோடு ஒரு கோடைமழை பிடித்துக்கொண்டால் சுருதி மொத்தமாகக் கீழே விழும். நெருப்பு மூட்ட இடமும் இருக்காது.

ஃபைபர் வந்தது இந்த இடைவெளியில்தான். நம் ஊரில் ஃபைபர் என்று சொல்வது உண்மையில் பாலியெஸ்டர் படலம். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் விற்ற பொருள். 1950களின் பிற்பாதியில் சிக் எவான்ஸ், ரெமோ பெல்லி போன்ற டிரம் கலைஞர்கள் இதைக் கன்றுத்தோலுக்கு மாற்றாக டிரம்மில் பூட்டினார்கள். ரெமோ நிறுவனம் 1957-இல் தொடங்கியது. அவர்களுக்கும் பிரச்சினை ஈரம்தான். அடுத்த சில ஆண்டுகளில் மேற்கத்திய டிரம்களில் தோல் ஏறக்குறைய மறைந்தே போனது. இங்கே பம்பை, பறை, உடுக்கை எல்லாவற்றிலும் இன்று ஃபைபர் முகத்தைப் பார்க்கலாம். இரும்பு வளையம், போல்ட், ஒரு ஸ்பானர் போதும். தவிலும் அதே வழியில்தான் போனது. தோல் வாருக்குப் பதில் கம்பியும் நட்டும் வந்துவிட்டன.

கலைஞர்களிடம் கருத்துக் கேட்டால் இரண்டு கட்சிகள் தெரியும், இரண்டுமே ஆழமானவை. தோல் கட்சிக்காரர் ‘நாதம்’ என்பார். அதில் அறிவியல் இருக்கிறது. தோலின் இழைகளுக்குள் நடக்கும் உராய்வு உயர்ந்த அதிர்வுகளைச் சீக்கிரம் அடக்கிவிடுகிறது. அடியின் கூர்மை காதில் பட்டு மறைந்ததும் கீழ்க்குரல் மட்டும் நிற்கும். ஒரே கனமுள்ள படலத்தில் அந்த உயர் அதிர்வுகள் நீடிக்கும், ‘கிணுங்’ என்ற இரைச்சல் சொற்கட்டுகளுக்கு நடுவே புகுந்து அடுத்த அடியை மறைக்கும். அடிக்குச்சியால் நடுவிலும் சிம்புக்குச்சியால் விளிம்பிலும் அடித்து வெவ்வேறு சொல் எழுப்புகிற பறையில் இது பெரிய இழப்பு. இரண்டு குச்சிகளின் சொற்களும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

ஃபைபர் கட்சிக்காரர் பேசுவது தெருவின் நிலைமையை. ஊர்வலத்தில் முன்னால் நாசிக் டோல், பின்னால் பேண்டு செட், நடுவில் ஒலிபெருக்கி. தோலின் கீழ்க்குரல் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். கணீரென்று எகிறும் ஃபைபர் பத்துக் கடை தாண்டிக் கேட்கும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. குழுவாக வாசிப்பது. பத்துத் தோல் பறைகள் ஒரே தீயில் காய்ந்து கிளம்பினாலும் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஈரம் குடிக்கும். அரை மணியில் பத்தும் பத்துச் சுருதி. மறுபடி எல்லோரும் நிறுத்தி, தீ மூட்டி, காய்ச்சி வர வேண்டும். ஃபைபர் குழு இடைவிடாமல் அடிக்கும். மேடையில் ஐந்து நிமிடம்தான் என்று கறாராகச் சொல்லும் விழா அமைப்பாளர் முன்னால் யார் வைக்கோல் கொளுத்துவது?

இந்த வாதத்தை ‘பாரம்பரியமா, வசதியா’ என்று சுருக்குவது கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். கச்சேரி மேடையில் இதே கேள்வி எழுந்தபோது அதை நுட்பம் என்று மதித்தோம். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தன் மிருதங்கத்தின் தோலுக்கும் நாதத்துக்கும் எடுத்துக்கொண்ட சிரத்தையும், தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பத்துப் பர்லாந்து அவருக்காகச் செய்த வேலையும் சங்கீத உலகில் பேசப்படுபவை. ஆனால் அந்தத் தோலைத் தேர்ந்து, சீவி, மூட்டியவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபஸ்டியன் அண்ட் சன்ஸ்’ அது. ஒரு மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை என்று மூன்று விலங்குகளின் தோல் இருப்பதை அது விரிவாகச் சொல்கிறது. சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழிலும் பிறகு 1934-இலும் மிருதங்கம், தபலா பற்றி எழுதினார். சாதாரண வட்டச்சவ்வின் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் போகும். நடுவிலுள்ள கருமையான சோற்றுப் பூச்சு அவற்றை 1, 2, 3 என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். பறைக்கும் பம்பைக்கும் அந்தப் பூச்சு கிடையாது. அவற்றின் அழகு ஒழுங்கற்ற அதிர்வுகளில்தான் இருக்கிறது. அவற்றில் எதை அடக்குவது, எதை விடுவது என்பதைத் தோலும் நெருப்பும் கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதைச் செய்கிறவர் சேரியில் பிறந்தவர் என்பதால் அவர் சொல்வதை ஒலியியலாக யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னும் எத்தனையோ ஆசான்களின் காதில் இருக்கும் அளவுகள் எழுதப்படாமல் இருக்கின்றன.

தோலுக்குத் திரும்பலாம் என்று நினைக்கும் குழுவுக்கும் வழி எளிதல்ல. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடங்களிலிருந்து தோல் மொத்தமாக உப்புப் போட்டுத் தோல் மண்டிக்குப் போகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும் பொருள். அது முழுதாகக் கழுவிப் போகாவிட்டால் தோல் மழைக்காற்றில் இன்னும் சீக்கிரம் தொய்யும். பறை கட்டுகிறவருக்குத் தேவை உப்புப் படாத, வெட்டுக்காயம் இல்லாத, கனம் பார்த்துப் பொறுக்கிய ஒரே ஒரு தோல். லாரி கணக்கில் தோல் ஓடும் வட்டாரத்தில் அந்த ஒன்றுக்கு அவர் அலைய வேண்டியிருக்கிறது.

உலகில் தோல் முழுதாக ஒழிந்துவிடவில்லை. வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் டிம்பனிகளில் இன்றும் ஆட்டுத்தோல்தான். அங்கே அரங்கின் குளிரும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. குடியாத்தம் தெருவில் அது நடக்காது. ஆகவே நமக்கு வேண்டியது வேறொரு பொருள். தோலைப்போல உயர் அதிர்வுகளை அடக்க வேண்டும், படலத்தைப்போல ஈரம் குடிக்காமல் இருக்க வேண்டும். கொலாஜனை இழை இழையாகப் படித்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது. அதற்கு ஏற்ற வேலை இது. கேட்க வேண்டிய கேள்விகளைப் பம்பைக்காரர்கள் தயாராக வைத்திருக்கிறார்கள்: மழைத் தூறலில் எத்தனை நிமிடம் சுருதி நிற்கும், கத்திரி வெயிலில் விளிம்பு கிழியாமல் எவ்வளவு முறுக்குத் தாங்கும், பித்தளைப் பம்பையில் ‘கிணுங்’ இல்லாமல் பேசுமா.