இடைச்செருகல்

தைப்பொங்கல் கழிந்த கிழமை கொழும்பிலிருந்து கனவான் ஒருவர் எம் இல்லம் தேடி வந்தார். பழைய மோட்டார்ச் சைக்கிள்களை வாங்கி, அவை ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே ஆக்கி வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எமது தாழ்வாரத்தில் நிற்கும் 1958ஆம் ஆண்டுப் பி. எஸ். ஏ. வண்டியை அவர் மும்முறை வலம் வந்தார். கோயில் வீதியை வலம் வருவோர்கூட அத்துணைக் கவனத்துடன் வருதல் அருமை. பின்னர், தாங்கியிலிருந்து இறங்கி எஞ்சினைத் தழுவிச் செல்லும் செப்புக் குழாயையும், முன் சக்கரத்தையும் சுட்டிக்காட்டி, "இதெல்லாம் பிறகு ஆரோ கண்டபடி செருகினது. முதலிலை இதுகளைக் கழட்டவேணும்" என்றார்.

அந்த 'ஆரோ', அவருக்குப் பத்தடி தூரத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என் தந்தையார். நாங்கள் ஐயா என்றே அழைப்பது வழக்கம். வயது எண்பத்தேழு. கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை. அவர் ஒன்றும் சொன்னாரல்லர். எனக்குத்தான் 'செருகினது' என்ற சொல் தைத்தது. இடைச்செருகல் இன்னதென மாணாக்கர்க்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே முப்பது ஆண்டுகளாக என் தொழில். ஒரு பாட்டுப் பிற்காலத்தவர் கைச்சரக்கு என்று கண்டால் அதனைப் பிறைக்கோட்டுக்குள் தள்ளி அப்பாற் செல்பவன் நான். அன்று எனக்கு வந்த கோபம் எனக்கே வியப்பாயிருந்தது.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பேமிங்காம் நகரத்துத் துப்பாக்கி வினைஞர் கூடி 1861இல் தொடங்கிய நிறுவனம் அது. பெயரிலுள்ள பின்னிரண்டு எழுத்துகளும் சிறு படைக்கலங்களையே குறிக்கும். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் அதன் இலச்சினை. பேட் ஹொப்வூட் என்பார் வகுத்த 'கோல்டன் பிளாஷ்' என்னும் இவ்வினம் 1950ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து 1963 வரை செய்யப்பட்டது. இரட்டைச் சிலிண்டர், 646 கன சென்ரிமீற்றர், ஏறத்தாழ 35 குதிரைவலு. இக்காலத்துப் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகள் பெரும்பாலும் இதில் ஐந்திலொரு பங்குக் கொள்ளளவு உடையவை. மலைநாட்டுத் தோட்டமொன்றில் இருந்த இதனை ஐயா 1966இல் வாங்கினார். நில அளவையாளராகிய அவர்க்குச் சங்கிலியையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் போக இது உதவிற்று.

அந்நாளிலும் இதற்கெனக் கராச்சுக்குப் போனதில்லை. வீட்டு முற்றத்து மாமரநிழலே பட்டறை. இதன் நட்டுகளுக்கு மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தாது. விட்வேத் என்னும் பழைய ஆங்கில அளவு வேண்டும். அதிலும் ஒரு விபரீதம்: ஸ்பனரிற் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலமன்று, அதனுள்ளே செல்லும் ஆணியின் விட்டம். கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பனரின் வாய் அரை அங்குலத்தினும் அகன்றிருக்கும். இதனை அறியாதார் கையிற் பட்டு முகம் மழுங்கிய நட்டுகள் ஊரெங்கும் உண்டு. நூல் எழுதுவோர் 'முசலம்' என்றெழுதும் உறுப்பை ஐயா 'பிஸ்ரன்' என்பார். 'உந்துருளி' என்ற நல்ல சொல் வழங்கத் தொடங்கிய பின்னரும் 'பி. எஸ். ஏ.' என்றால் அவருக்குப் போதும். கலைச்சொல்லில் எனக்கிருந்த ஆசையை அவர்முன் நான் காட்டிக்கொண்டதில்லை.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரம் நின்றது, பற்றறியும் தடைப்பட்ட பொருளாயிற்று. பற்றறியை நம்பிய வாகனங்கள் பல வீட்டு மூலைகளில் ஒதுங்கின. இவ்வண்டிக்கு அக்கவலை இல்லை. எஞ்சின் சுழலும்போது தானே தீப்பொறியை உண்டாக்கும் மக்னீற்றோ இதில் உண்டு. எரிபொருள் ஒன்றே குறை. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் பங்கீட்டில்.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றுவதில்லை. இது புதிய சிக்கலுமன்று. 1949இல் வெளிவந்த பெர்கூசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலிற் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓடும்படியே ஆக்கப்பட்டது. ஐயா அந்தத் தத்துவத்தை அறிந்திருந்தார். கைபிடியில் ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு அதனுள் நாலு சொட்டுப் பெற்றோல். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். இரண்டுக்கும் தனித்தனித் திருகு. பெற்றோலில் உதைத்து, சூடேறியபின் திருகை மாற்றவேண்டும். வீடு சேர்வதற்குச் சற்றுமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும்; மறந்தால் மறுநாட் காலை உதைத்து உதைத்துக் கால் சோர்ந்துவிடும். எண்ணெயை முன்கூட்டியே சூடாக்கச் செப்புக் குழாயொன்றைப் புகைக்குழாயிற் சுற்றினார். சூடு மிஞ்சிக் குழாயினுள் ஆவி அடைத்து வண்டி நடுவீதியில் நின்றது. பிறகு அதனைச் சிலிண்டரின் செட்டைகளோடு அணைத்துக் கட்டினார். அதுவே கனவான் கண்ட குழாய்.

இவ்வளவும் வெளியே தெரிவன. தெரியாதது ஒன்று உண்டு. மண்ணெண்ணெயாவியை மிக அழுத்தினால் அது ஒழுங்காக எரியாமல் வெடித்து, நெல்லுப் பொரிவதுபோல எஞ்சினுட் சடசடக்கும். நாளடைவிற் பிஸ்ரனையே துளைத்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். உடைந்த பெயர்ப்பலகையொன்றின் அலுமினியத் தகடு, இரண்டு மில்லிமீற்றர்த் தடிப்பு. அதனைச் சிலிண்டரின் அடிப்பாகத்துக்கு ஏற்ப வரைந்து, வாளால் அறுத்து, அரத்தால் ராவிச் சிலிண்டருக்குக் கீழே வைத்தார். சிலிண்டர் அவ்வளவு உயர்ந்தது. மேலே வெற்றிடம் கூடிற்று. ஏழுக்குச் சற்று மேற்பட்டிருந்த அழுத்த விகிதம் ஏறக்குறைய ஆறரைக்கு இறங்கிற்று. தீப்பொறி விழும் நேரத்தையும் சிறிது பிந்தவைத்தார். மூன்று இரவு வேலை. ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்தவன் நான்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. பண்டிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பங்கீட்டு எண்ணெயில் என் விளக்குக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்பதிலே வீட்டிற் பேச்சு நடந்தது. விளக்குத் தோற்றது. நன்னூலைக் காணாப்பாடமாக இருளிற் சொல்லிக்கொண்டு, வெண்புகை கக்கிச் செல்லும் அந்த வண்டியை நான் மனத்தினுட் சபித்ததுண்டு. ஆனால் இராப்பொழுதில் மருத்துவிச்சியை ஏற்றிச் செல்ல எம்மூரில் வேறு வண்டி இருக்கவில்லை. இன்று வண்டி வேலையில் எனக்குத் துணைநிற்கும் என் பழைய மாணாக்கன் அவ்வாறு மருத்துவிச்சி வந்துசேர்ந்த வீடொன்றிற் பிறந்தவன் என்று அவன் தாயார் சொல்வார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது வண்டியைக் கொண்டுபோக இயலவில்லை. ஐயா மக்னீற்றோவை மட்டும் கழற்றி வேட்டியிற் சுற்றிச் சைக்கிள் கரியரிற் கட்டினார். என் கையில் இரண்டு கட்டு ஏடுகள் இருந்தன. நாவற்குழிப் பாலத்தருகே சனநெரிசலில் ஒரு கட்டை விட்டுவிட்டேன். மக்னீற்றோ சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அதைப்பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டின் கூரை இல்லை. வண்டி நின்றது, முன் சக்கரம் இல்லை. வேறொரு வண்டியின் சக்கரத்தை ஐயா இணக்கிப் பூட்டினார்.

கனவானுக்கு விற்பதில்லையென்று சொல்லி அனுப்பியபின், மாசியில் எஞ்சினை இறக்கித் திறந்தோம். அடியிலிருந்து ஒரு தாழ்ந்த தட்டொலி வந்துகொண்டிருந்தது. இவ்வினத்தில் எண்ணெய், வலப்பக்கத்து வெண்கலப் புஷ்ஷின் வழியாகவே கிராங்குத் தண்டினுட் புகுகிறது; புஷ் தேய்ந்தால் எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடும். தண்டினுள் ஒரு குழிவு உண்டு. சுழற்சியின் வேகத்தால் அழுக்கு அதிலே ஒதுங்கும். அதைத் துப்புரவாக்க வேண்டுமாயின் எஞ்சினை முழுவதும் பிளக்கவேண்டும். ஆகவே ஒருவரும் செய்வதில்லை. அந்தக் குழிவிலிருந்து உளியாற் கிண்டி எடுத்தது தார் போல இறுகிய கரி. மண்ணெண்ணெய்ப் புகையும், துணியில் வடித்து வடித்து மீண்டும் ஊற்றிய பழைய எண்ணெயும் விட்டுச் சென்ற மண்டி அது. கடைச்சற் பட்டறையிற் புதிய புஷ் கடைந்து வாங்கினோம்.

சிலிண்டரைத் தூக்கியபோது தகடு வந்தது. அதன் ஓரத்தில் ஆணியாற் கீறியிருந்தது: 10-3-91. மாணாக்கன், "இதை என்ன செய்வம், சேர்?" என்றான். அவனுக்கு வேறு யோசனைகளும் இருந்தன. ஆறு வோல்ற்று விளக்கு மின்மினியை ஒக்கும், அதனைப் பன்னிரண்டாக்கலாம். மக்னீற்றோவை நீக்கி மின்னணு முறை வைக்கலாம். விளக்குக்கு இசைந்தேன். பழைய தைனமோவே, புதிய ஒழுங்காக்கி ஒன்றை வைத்தாற் பன்னிரண்டு வோல்ற்றுத் தரும். சட்டத்திலே ஒரு துளையும் இடவேண்டியதில்லை. வேண்டாவிடில் நாளை எடுத்துவிடலாம். அடிக்குறிப்பு எழுதுவதற்கும் மூலத்தை அழித்தெழுதுவதற்கும் உள்ள வேற்றுமையே இது. ஆனால் தகட்டை எடுக்க எனக்கு மனமில்லை. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய காலத்தில் ஒடிந்த ஏடுகளோடு பட்ட பாட்டை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம், ஏட்டில் ஒரு மாற்றத்தைக் கண்டால் அது ஏன் வந்தது என்று முதலிற் கேளுங்கள் என்பேன். இந்தத் தகட்டுக்குக் காரணம் உண்டு, காலம் உண்டு, கையெழுத்தே உண்டு. இது செருகல் அன்று, உரை என்று மாணாக்கனுக்கு நீளமாக எடுத்துரைத்தேன்.

கதிரையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, அது மண்ணெண்ணெய்க்குப் போட்ட தகடு. இப்ப பெற்றோல் கிடைக்குது. பிறகேன் வண்டியை இழுக்க விடாமல் வைச்சிருக்கிறாய்?"

"ஐயா, அது நீங்கள் உங்கடை கையாலை..."

"அப்ப வேறை வழி இருக்கேல்லை. அந்தக் குழாயையும் கழட்டு. பெற்றோலுக்கு அது கூடாது, நெருப்புப் பிடிக்கும். மக்னீற்றோவிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

ஆசிரியரே தம் உரையை நீக்கச் சொன்னால் பதிப்பாசிரியன் என்ன செய்வான்? கழற்றினோம். தகட்டை மாணாக்கன் தன் கராச்சுக்குக் கொண்டுபோய்விட்டான். 2022இற் கியூ. ஆர். பங்கீடு தொடங்கியபோது மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்ததை அவன் மறக்கவில்லை. மாதிரிக்கு ஒன்று இருப்பது நல்லது என்றான். சக்கரம் அப்படியே நிற்கிறது. அதனைப்பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனி கடைசியிற் பூட்டி முடித்தோம். தீப்பொறியின் நேரத்தை மாணாக்கன் கருவி வைத்து அளந்து, மூல அளவுக்குத் திருத்தினான். உதைத்தான். எஞ்சின் பற்றவில்லை; உதைகோல் எதிர்த்தெழுந்து அவன் கணைக்காலில் அடித்தது. மீண்டும் உதைத்தான், மீண்டும் அடித்தது. அவன் காலைத் தடவிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

"முந்திப் போச்சு" என்றார் ஐயா. "நேரம் பார்க்கேக்கை ஆப்பு வைச்சனியோ?"

"எந்த ஆப்பு, தாத்தா?"

வேகம் கூடக்கூடத் தீப்பொறியைத் தானே முந்தச்செய்யும் சிறு பொறியமைப்பு மக்னீற்றோவின் பற்சில்லில் உண்டு. நேரம் பார்க்கும்போது அதனை முற்றாக விரித்து, மூடாதபடி ஆப்பு வைத்துக்கொண்டே அளக்கவேண்டும். இல்லாவிடின் எல்லாம் முந்திவிடும். ஐயா எழுந்து, சுவரைத் தடவித் தடவி வந்து, தம் பழைய ஆயுதப் பெட்டியின் அருகே குந்தினார். உள்ளே கையை விட்டுத் துழாவி, விரல் நீள வேப்பந்துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது.

அதை வைத்து அளந்து, எடுத்துவிட்டு உதைத்தோம். இரண்டாம் உதையிற் பற்றிக்கொண்டது. ஐயா சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, இடப்பக்கத்து வால்வு ஒன்று தளர்ந்திருப்பதாகச் சொன்னார்.